வளை போக மிஞ்சியது

நெய்தல் திணையில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். என் ஆய்வேட்டில் சங்குக்கென்றே தனியாக ஓர் இயல் உண்டு. அதில் இருநூற்றுக்கும் மேற்பட்ட அடிக்குறிப்புகள். ஆனால் செத்த சங்கு எப்படி நாறும் என்பது எனக்கு என் நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. மன்னார் வளைகுடாக் கரையில், தூத்துக்குடிக்கும் கீழக்கரைக்கும் இடையில் இருக்கிற ஒரு சிற்றூரில், வலைக்கூடத்துக்குப் பின்னால் இடுப்பளவு குவிந்து கிடந்த சிப்பிக் குப்பையின் முன்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது, என் ஆய்வேட்டில் விட்டுப்போன ஒரு இயலின் தலைப்பு தானாக மனதில் வந்தது. அதை அப்போது எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அங்கே நான் ஆய்வுக்காகப் போகவில்லை. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஐம்பது மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏழு நாள் முகாம். முதல் நாள் நிகழ்ச்சி நிரலில் ‘கடற்கரைத் தூய்மைப் பணி’ என்று அச்சடித்திருந்தோம். பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக்கைப் பொறுக்கினார்கள், அறுந்த நைலான் வலைத் துண்டுகளைப் பொறுக்கினார்கள், பிறகு அந்தச் சிப்பிக் குவியலுக்கு வந்து மண்வெட்டியை வைத்தார்கள். வலைக்கூடத்து நிழலில் உட்கார்ந்து நண்டுவலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “அத விட்டுருங்க பிள்ளைகளா. அது குப்ப இல்ல.”

“பின்ன என்னக்கா?” என்று கேட்டேன்.

“எங்க வேல அது.”

அந்தப் பதில் எனக்கு உடனே புரியவில்லை. அடுத்த நாள் காலையில் ஐந்து மணிக்கு அவர்களோடு போய் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

நண்டுவலை என்பது கடலின் அடியில் படிய நிற்கிற செவுள்வலை. மாலையில் விரித்துவிட்டு வந்து விடியலில் எடுப்பார்கள். வலை கரைக்கு வரும்போது நண்டு மட்டுமா வரும்? அடித்தரையில் ஊர்கிற எல்லாமும் சிக்கிக்கொண்டு வரும். யானைமுள்ளி, குதிரைமுள்ளி, ஐவிரல் சங்கு, பால்சங்கு, பெயர் சொல்லத் தெரியாத சிறு நத்தைகள், பவளத் துண்டு, பாசி. ஆண்கள் வலையைக் கரையில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். ராத்திரி முழுதும் கடலில் கிடந்தவர்கள், அதைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அந்த வலை பெண்களுடையது. நண்டின் கால் ஒடியாமல் கழற்றுவது தனிக் கலை. கால் ஒடிந்த நண்டுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். முள்ளிச்சங்கின் ஒவ்வொரு முள்ளிலும் வலைக்கண் மாட்டியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் வலை கிழியும், மெதுவாக எடுத்தால் வெயில் ஏறும். அந்தப் பெண்களின் விரல்நுனிகளில் வெள்ளைக் கோடுகளாக ஆறிய வெட்டுகள். அதன்மேல் உப்புத் தண்ணீர் படும்போது எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. என் கையில் முதல் அரைமணி நேரத்திலேயே விடை கிடைத்துவிட்டது.

நண்டு வியாபாரிக்கு. பருத்த சங்கு சங்கு வியாபாரிக்கு. உயிரோடு இருக்கிற குஞ்சுகளைப் பெண்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு அலையில் கொட்டிவிட்டு வருகிறார்கள். மிஞ்சியதெல்லாம் கூடத்துக்குப் பின்னால். வீட்டுக்காரர்களின் கணக்கு நோட்டில் நண்டு உண்டு, டீசல் உண்டு, பனிக்கட்டி உண்டு; வலை பிரித்ததற்கு ஒரு வரி இல்லை. சொந்த வீட்டு வலைக்குக் கூலி எதற்கு என்பது நியாயம். ஆகவே அந்த ஊரில் அந்தப் பெண்கள் தினமும் காலையில் நான்கு மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதற்கு இருக்கிற ஒரே ஆவணம் அந்தக் குவியல்தான். அதைத்தான் நாங்கள் அள்ளிக் கொட்டப் போனோம்.

இங்கே என் பாடத்துக்குத் திரும்ப வேண்டும்.

தமிழில் ‘வளை’ என்றால் வளையல், ‘வளை’ என்றால் சங்கும்கூட. பொருளும் பொருளின் மூலமும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. அகப்பாடல்களில் தலைவன் பிரிந்தால் தலைவியின் வளை நெகிழும். பத்தொன்பது ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்துகிறேன். மெலிவுக்கு அடையாளம், கற்புக்கு அடையாளம், பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண். அந்த வளையை யார் செய்தார்கள், செய்தபோது எது மிஞ்சியது என்று ஒரு மாணவிகூடக் கேட்டதில்லை. நானும் கேட்கச் சொல்லித்தரவில்லை.

ஆனால் ஒரு புலவர் கேட்டிருக்கிறார். அகநானூற்றின் 24ஆம் பாட்டு, ஆவூர் மூலங்கிழார் பாடியது. முல்லைத் திணை, கடலுக்கும் அந்தப் பாட்டுக்கும் நேரான தொடர்பு இல்லை. போர்மேல் சென்றிருக்கிற தலைவன் குளிர்காலத்தில் இன்னும் விரியாத பகன்றை மொட்டைப் பார்க்கிறான். அந்த மொட்டு அவனுக்கு எதைப் போலத் தெரிகிறது? வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளரத்தால் சங்கை அறுத்து வளைகளை எடுத்துக்கொண்ட பிறகு, வேண்டாமென்று மிஞ்சுகிற அந்த நுனிக் கொழுந்தைப் போலத் தெரிகிறது. இந்தப் பாட்டைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்தப் பார்ப்பானைப் பற்றியவை. வேள்வி செய்யாத பார்ப்பான் என்றால் யார், சங்கறுக்கும் தொழில் அவனுக்கு எப்படி வந்தது, சாதி அப்போது எந்த நிலையில் இருந்தது. எல்லாம் தேவையான கேள்விகள். என் ஆய்வேட்டிலும் அவற்றைத்தான் எழுதினேன். ஆனால் பாட்டின் உவமை அவன்மேல் நிற்கவில்லை. வளையின் மேலும் நிற்கவில்லை. மிஞ்சிய துண்டின் மேல் நிற்கிறது. கழிவில் ஒரு பூமொட்டைப் பார்த்த கண் அது.

சங்கை வளையாக அறுக்கும் முறை பெரிதாக மாறிவிடவில்லை. முதலில் வாய்ப்பக்கத்தையும் நுனியையும் கழிக்க வேண்டும், உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கிற தண்டை உடைத்தெடுக்க வேண்டும், பிறகு நடுவயிற்றைக் குறுக்காக அரிந்தால் வளையங்கள் கிடைக்கும். ஒரு சங்கில் கிடைப்பவை சில வளைகளே. எடையில் பார்த்தால் பெரும்பகுதி கழிவு. அந்தக் கழிவுதான் வரலாற்றுக்குச் சாட்சியாக நிற்கிறது. சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் சங்கைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். கொற்கையிலும் காயலிலும் மண்ணில் கிடந்த அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கொண்டுதான், இந்தக் கரையில் ஒருகாலத்தில் வளையல் பட்டறைகள் இருந்தன என்று அவர் நிறுவினார். வளைகள் யார் யார் கையிலோ ஏறிப் போய்விட்டன. உடைந்தன, எரிந்தன, புதைந்தன. பட்டறை இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது யாரும் விரும்பாத துண்டு. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தது. ஒருகாலத்தில் துறைமுகமாக இருந்த அந்த ஊர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது.

முத்துக்குளிப்பின் கதையும் இப்படித்தான். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளித்தார்கள் என்கிறது. பிறகு போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆள ஆளக் கணக்குகள் கூடின. எத்தனை தோணி, எத்தனைக் குளியாளர், எத்தனை ஆயிரம் சிப்பி, ஏலத்தில் எவ்வளவு. தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டு குளிப்போடு அந்தக் கதை ஏறத்தாழ முடிகிறது. கடலுக்குள் இறங்கியவர்கள் ஆண்கள். ஆகவே எண்ணப்பட்டவர்களும் ஆண்கள். குளியாளரின் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் பிடித்திருப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தன் அக்காளின் தாலி அந்தக் கயிற்றின் மறுமுனையில் கிடக்கிறது என்பதால் அவன் கை வழுக்காது. அழகான வழக்கம்தான். அதில் பெண் எங்கே இருக்கிறாள் என்றால், தோணியிலும் இல்லை, கடலிலும் இல்லை, ஒரு கயிற்றுக்குள் நூலாக இருக்கிறாள்.

ஹார்னெலின் நூலை மறுபடி எடுத்து வாசித்தேன். சங்கு எங்கே கிடைக்கும், எந்த ஆழம், எந்தக் காற்றில் குளிக்கலாம், எந்தத் தரம் எந்த விலைக்குப் போகும் என்று மலைக்கவைக்கிற தகவல்கள். அதில் பெண்கள் முக்கியமாகக் கைகளாக வருகிறார்கள். வளை ஏறுகிற கைகள். ஏனென்றால் இந்தக் கரையின் சங்கு நூற்றாண்டுகளாக வங்காளத்துக்குப் போகிறது. டாக்காவின் சாங்காரி பஜாரில் தலைமுறை தலைமுறையாகச் சங்கறுத்த சாங்காரிகள் அதை வளையலாக்கினார்கள். இன்றும் வங்காள இந்துப் பெண் திருமணத்தில் வெள்ளைச் சங்கு வளை போட்டுக்கொள்கிறாள். கணவன் இறந்தால் அதை உடைக்கிறார்கள்.

வலைக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “அது குப்ப இல்ல” என்று சொன்ன அதே பெண், கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வரலாற்றில் பெண்களின் பெயர் இல்லை என்று புலம்புகிற கட்டுரையில் நானும் ஒரு பெயரை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் விடச்சொன்னவர் அவர். உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். அந்த ஏழு ஆண்டில் அவர் சுமங்கலியா, கைம்பெண்ணா? ஊர் ஒன்று சொல்லும், அலுவலகம் ஒன்று சொல்லும். விதவை உதவித்தொகைக்குப் போனால் சான்றிதழ் எங்கே என்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் ‘கொஞ்சம் பின்னால நில்லு’ என்பார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் பொறுக்கி எடுக்கிற பருத்த சங்கு வங்காளத்தில் எவளோ ஒருத்தியின் மங்கல வளையாகிறது. இதை நான் சொன்னபோது அவர் வியக்கவில்லை. “அங்கயும் ஒடைக்கத்தான செய்யுறாங்க” என்றார்.

முகாமின் மூன்றாம் நாள் மாணவிகள்தான் அந்த யோசனையைச் சொன்னார்கள்: சிப்பிகளை வைத்து வலைக்கூடத்துச் சுவரில் படம் பதிக்கலாம். ஊருக்கு நாம் ஒரு கலையைக் கொண்டுவந்திருக்கிறோம் என்ற பெருமிதம் எங்களுக்கு. அன்று சாயங்காலம் ஊரைச் சுற்றி நடந்தபோது அது உடைந்தது. குருசடியின் அடிப்பீடம் முழுக்கச் சிப்பி பதித்திருந்தது. வீட்டு நிலைப்படிகளில் சோழி வரிசை. கல்லறைத் தோட்டத்தில், சிமெண்டுச் சிலுவைகளின் கைகளில், பிள்ளைகளின் சிறிய கல்லறைகளைச் சுற்றி, பெயர்ப்பலகை வாங்க முடியாத மேடுகளின் மேல். யார் செய்தது என்றால் ‘எங்கம்மா’, ‘எங்க மாமியா’, ‘அந்தப் பெரியம்மா’. அதற்கு அவர்கள் கலை என்று பெயர் வைத்திருக்கவில்லை. வேறு பெயரும் வைத்திருக்கவில்லை. கல்லறைக்கு ‘பூ வாடிரும், சிப்பி வாடாது’ என்று ஒரு பாட்டி சொன்னார். ஆவூர் மூலங்கிழாரிடம் காட்டியிருக்க வேண்டிய இடம்.

கழிவுச் சிப்பியால் பெண்கள் செய்கிற வேலையை வேறு பெயரில் எழுதிவைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘மாலுமியின் காதல் பரிசு’ என்று ஒரு வகைச் சிப்பி வேலைப்பாடு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்றது. எட்டுப் பட்டை மரப்பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு சிப்பிகளால் இதயமும் ரோஜாவும் நங்கூரமும். நீண்ட கடற்பயணத்தில் தனிமையில் வாடிய மாலுமி காதலிக்காகத் தன் கையாலேயே செய்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆடுகிற கப்பலில் அந்த நுணுக்கமான வேலை எப்படிச் செய்ய முடியும் என்று யாராவது ஒரு தையல்காரியிடம் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை கரீபியத் தீவான பார்படோஸில் உள்ளூர்ப் பெண்கள் செய்து, கடைகளில் மாலுமிகளுக்கு விற்றவை என்று பிறகு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வாங்கியவன் பெயர் பொருளுக்கு நிலைத்துவிட்டது.

ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் பக்கத்தில், பாட்டனி வளைகுடாவின் கரையில் லா பெரூஸ் என்ற மீன்பிடிக் குடியிருப்பு. அங்கே பழங்குடிப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சிப்பி பதித்த பெட்டிகளும் குழந்தைச் செருப்புகளும் செய்து சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார்கள். எம்மா டிம்பரி என்ற பெண்ணின் வேலைப்பாடுகள் 1910இல் லண்டன் கண்காட்சி வரை போயின. ஆனால் அருங்காட்சியகங்கள் அதை நெடுங்காலம் மதிக்கவில்லை. பழங்குடிக் கலை என்று சொல்ல மரபு போதவில்லையாம். நவீனக் கலை என்று சொல்ல நவீனம் போதவில்லையாம். கடையில் விற்கிற அலங்காரப் பொருள். எம்மாவின் கொள்ளுப்பேத்தி எஸ்மே டிம்பரி, சிட்னித் துறைமுகப் பாலத்தைச் சிப்பியால் செய்து செய்து, 2005இல் நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றத்தின் பழங்குடிக் கலைப் பரிசைப் பெற்றார். ஒரு குடும்பத்தின் பெண்கள் கைவேலையிலிருந்து கலை என்ற சொல்லுக்குப் போய்ச் சேர நான்கு தலைமுறை ஆகியிருக்கிறது.

சுவருக்கு வருகிறேன். இருபதடி நீளம், ஊரைப் பார்த்த பக்கம். ஊர்க் கமிட்டியிடம் அனுமதி கேட்டோம். கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவர்கள் மறுக்கவில்லை. ஒரு வள்ளம் பெரிதாக வர வேண்டும், கீழே உபயதாரர் பெயர் வர வேண்டும் என்றார்கள். மாணவிகள் கரித்துண்டால் வரைந்த முதல் படத்தில் நடுவில் வள்ளம், மேலே சூரியன், ஓரத்தில் நீளக் கூந்தலோடு ஒரு கடற்கன்னி. பெண்கள் வந்து பார்த்தார்கள். கடற்கன்னியைப் பார்த்து ஒரு பெரியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “பாதி மீனா? ஏலத்துல எப்பிடிம்மா வெல சொல்றது?” கடற்கன்னி அன்றே அழிந்தாள்.

வள்ளத்தை அழிக்கச் சொன்னவர் அவர். சத்தமாகச் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, “டீச்சர், வள்ளம் வேணாமே” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவரே சொன்னார்: “தெனம் காலைல இந்தச் செவத்தப் பாத்துத்தான் நான் ஒக்காரணும்.” மறுநாள் கமிட்டிக்காரர்களிடம் நான் ஏதேதோ காரணம் சொன்னேன். வளைவுகளைப் பதிப்பது கடினம், சிப்பி போதாது என்று. பொய்தான். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அவருடைய துக்கம் ஊர்க் கூட்டத்தில் ஒரு பொருளாகியிருக்கும். வள்ளம் இருக்க வேண்டிய நடு இடத்தில் பெண்கள் ஒரு வட்டம் வரைந்தார்கள். அலுமினியச் சட்டி. பக்கத்து ஊர்களுக்கு மீன் கொண்டுபோய் விற்கிற சட்டி. அதற்குள் நண்டு, சாளை, கணவாய். சுற்றி வலைக்கண்கள்.

முதலில் பதித்தது இரண்டே நாளில் உதிர்ந்தது. நாங்கள் கடல் மணலைச் சிமெண்டில் கலந்திருந்தோம். உப்பு சிமெண்டைப் பிடிக்கவிடாது. சிப்பியின் குழிந்த பக்கத்தை வெறுமனே சுவரில் அழுத்தியிருந்தோம். உள்ளே காற்று நின்றுவிட்டது. சித்தாள் வேலைக்குப் போகிற ஓர் அக்காதான் வழி சொன்னார். ஆற்று மணல் வேண்டும், சிப்பியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், ஒவ்வொரு சிப்பியின் வயிற்றிலும் கலவையை அடைத்துவிட்டுப் பிறகு பதிக்க வேண்டும். அவருடைய அம்மா சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவராம். கிளிஞ்சலைக் கூடை கூடையாகச் சுமந்து காளவாயில் அடுக்கி, வெந்ததைத் தண்ணீர் தெளித்து நீற்றி, ஆவியில் கண் எரிய எரிய அள்ளியவர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் கண்ணாடிபோல மின்னுவதற்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் காரணம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வார்கள். சுண்ணாம்பைச் சுமந்த தலைகளைப் பற்றி வழிகாட்டிகள் சொல்வதில்லை. சிமெண்டு வந்தபின் காளவாய்கள் குறைந்தன. அதனால்தான் அந்தக் குவியல் அங்கேயே கிடந்து வளர்ந்தது. முன்பு என்றால் வண்டி வந்து அள்ளிப்போயிருக்கும்.

ஊன் ஒட்டியிருந்த சங்குகளை மணலில் புதைத்து வைத்தோம். எறும்பும் பூச்சியும் சில வாரங்களில் சுத்தம் செய்துவிடும். ஏழு நாள் முகாம் அதற்குள் முடிந்துவிட்டது. பிறகு சனிக்கிழமைகளில் ஐந்தாறு பிள்ளைகளோடு பேருந்தில் போய்வந்தேன். முகாம் அறிக்கையில் சுவரை ‘நிறைவுற்ற பணி’ என்று எழுதிக் கொடுத்தபோது அதில் பாதிச் சட்டிதான் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் வந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். விலங்கியல் படிக்கிற மாணவி ஒருத்தி ஒரு பட்டியலோடு வந்தாள். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல சங்கு, சோழி இனங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றின் ஓட்டை வைத்திருப்பதே குற்றமாகலாம்; செத்ததா, தானாக வலையில் வந்ததா என்பது கேள்வியில்லை. ஐவிரல் சங்கு வகைகளில் சில பட்டியலில் உண்டு, சில இல்லை. வெளுத்துப்போன ஓட்டைப் பார்த்து எது எதுவென்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சட்டியின் விளிம்பு முழுக்க ஐவிரல் சங்குதான் பதித்திருந்தோம்.

பெண்களிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெரியம்மா கேட்டார்: “அள்ளிக் கடல்ல போட்டா தப்பில்ல, செவத்துல வச்சா தப்பா?” என்னிடம் நல்ல பதில் இல்லை. சட்டத்தின் காரணம் எனக்குத் தெரியும். கடை கடையாகத் தொங்குகிற அலங்காரச் சங்குகளுக்காக உயிருள்ளவற்றை வாரியெடுத்து இந்த வளைகுடாவை வறளடித்திருக்கிறார்கள்; இருபத்தொரு தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கியதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் தரையோடு சேர்த்து வாருகிற இழுவைமடியையும், குஞ்சை வாளியில் போட்டுக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்கிற பெண்ணையும் ஒரே சட்டம் ஒரே கண்ணால் பார்க்கும்போது அதன் சுமை யார் தலையில் முதலில் இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். விளிம்பைப் பெயர்த்தோம். ஐவிரல் சங்குகள் எல்லாவற்றையும், பட்டியலில் இல்லாதவற்றையும் சேர்த்து, அலையில் கொண்டுபோய்ப் போட்டோம். விளிம்புக்கு வெறும் மட்டிச் சிப்பி வைத்தோம். முன்பைவிட நன்றாக இல்லை.

உபயதாரர் பெயருக்கென்று விட்ட கீழ்வரிசை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. கமிட்டிக்கு உபயதாரர் கிடைக்கவில்லை. சிமெண்டுக்கும் மணலுக்கும் பெண்கள் சுய உதவிக் குழுவின் சேமிப்பிலிருந்து கொடுத்திருந்தார்கள். உங்கள் பெயர்களையே போட்டுவிடலாமே என்று ஆவலோடு சொன்னேன். பெயர் போட்டால் விட்டுப்போனவள் சண்டைக்கு வருவாள் என்றார்கள். பத்தொன்பது பேர், அவர்களுடைய பிள்ளைகள், கேட்காமலே வந்து பதித்துவிட்டுப் போன பக்கத்துத் தெருக்காரிகள். கடைசியில் ஒருத்தி தன் உள்ளங்கையை ஈரச் சிமெண்டில் அழுத்தினாள், மற்றவர்களும் அழுத்தினார்கள். விரல்நுனிகளின் வெட்டுகூட அதில் பதிந்திருக்கிறது. கவிதையாக எழுதிப்பார்த்தேன், வரவில்லை.

போன மாசியில் ஒருமுறை போயிருந்தேன். சுவரில் கைக்கெட்டுகிற உயரத்தில் சோழிகளைக் காணோம். பிள்ளைகள் தாயம் ஆடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடங்களில் வேறு ஏதேதோ சிப்பிகளை யாரோ அடைத்திருந்தார்கள். சட்டியின்மேல் சாய்த்து ஒரு வலைப்பொதி கிடந்தது. அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஏழு ஆண்டு முடிய இன்னும் இரண்டு இருக்கிறதாம். நான் அடுத்து கொற்கைக்கு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போகப் போவதைச் சொன்னேன். அகநானூற்றுப் பாட்டையும், வளை போக மிஞ்சிய துண்டையும், அது மொட்டுப்போல இருக்கும் என்பதையும் முன்பே ஒருமுறை அவருக்குச் சொல்லியிருந்தேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

“அப்ப அந்த அறுத்த துண்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க டீச்சர். செவத்துல ஒரு எடம் இருக்கு.”

“எடுக்கக் கூடாதுக்கா. தொல்பொருள் அது.”

அவர் கையிலிருந்த முள்ளிச்சங்கை வலையிலிருந்து விடுவித்துப் பின்னால் எறிந்தார். குவியலில் அது விழுகிற சத்தம் கேட்டது.

“அதுக்கும் சட்டமா?” என்றார்.